மில்லிமீட்டரா, இன்ச்சா? கையோட வந்த ஒரு ஸ்க்ரூ

உங்கள்ல பல பேர் கேட்ட கேள்விதான் இன்னைக்கு. எலக்ட்ரானிக்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு ஸ்க்ரூ, கனெக்டர் வாங்கும்போது மில்லிமீட்டர்ல வாங்குறதா, இன்ச்லயா?

செட்டியார்பட்டியில மாமா வீட்ல நடந்ததைச் சொல்றேன். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒன்னை இரும்புத் தகட்டுல மாட்டினேன். தகட்டுல 230 வோல்ட் ஸ்விட்ச் இருக்கு. தகட்டுக்கு எர்த் வர்றதே அந்த நாலு ஸ்க்ரூ வழியாத்தான். கையில இருந்த எம்3 ஸ்க்ரூவைப் போட்டேன். ஏறுச்சு. மாமா வந்து ரெண்டு விரலால இழுத்தார். கையோட வந்துடுச்சு.

"இதை நம்பியா மாப்ள கை வைக்கப் போற?"

விஷயம் இதான். பவர் சப்ளை ஓட்டை இன்ச் கணக்கு: 6-32. விட்டம் சுமார் 3.5 மில்லிமீட்டர், ஒரு இன்ச்சுக்கு 32 மரை. எம்3-க்கு விட்டம் 3 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.5. பிடிச்ச மாதிரி நடிக்கும், பிடிக்காது.

"1956-லயே மெட்ரிக் சட்டம் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு இன்ச்?"னு புலம்பினேன். ராஜபாளையம் மில்லுல வேலை பார்த்த மாமா சிரிச்சார். 40-ஆம் நம்பர் நூல்னா, 840 கஜ சிட்டம் 40 சேர்ந்தா ஒரு பவுண்டு. நம்ம ஊர் நூலே இன்னும் பவுண்டு, கஜத்துலதான் ஓடுது. மெஷின், தறி, வியாபாரி எல்லாருமே அந்தக் கணக்குக்குப் பழகியாச்சு.

எலக்ட்ரானிக்ஸும் அப்படித்தான். ப்ரெட்போர்டு ஓட்டை இடைவெளி 2.54 மில்லிமீட்டர், அதாவது பத்துல ஒரு இன்ச். அதுல 2.5 மில்லிமீட்டர் கனெக்டர் நாலு பின்னுக்கு உட்கார்ந்துடும். 20 பின்னுன்னா கடைசிப் பின் முக்கால் மில்லிமீட்டர் தள்ளி நிக்கும். ரெசிஸ்டர்லயும் கவனம்: இன்ச் கணக்குல 0603-னா 1.6 மில்லிமீட்டர் நீளம். மெட்ரிக் 0603 வெறும் 0.6. கண்ணுக்கே தெரியாது!

அதனால, எது உசத்தின்னு கேக்காதீங்க. எதோட சேரணும்னு கேளுங்க. நீங்களே ஓட்டை போடுற பெட்டிக்கு எம்3 வாங்குங்க, ஈஸியா கிடைக்கும். ராஸ்பெர்ரி பை-க்கு எம்2.5. பழைய பொருள்ல கழட்டின ஸ்க்ரூவை அந்தப் பொருளோடயே கவர்ல போட்டு வைங்க. ரெண்டையும் ஒரே டப்பாவுல கொட்டாதீங்க. முதல் ரெண்டு சுத்து கையாலயே ஏறணும். முரண்டு பிடிச்சா நிறுத்துங்க.

முக்கியமா, எர்த்துக்குத் தனி வயர் இழுங்க. நானும் இப்ப இழுத்துட்டேன். மாமா மறுபடி இழுத்துப் பார்த்துட்டுத்தான் ஸ்விட்சைப் போட விட்டார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!