என்ன காலம் செய்கிறது?

(மொழி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஸ்பானிய மொழியில் வானிலையை விசாரிப்பவர் "கே தியெம்போ ஆசே?" என்று கேட்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'என்ன காலம் செய்கிறது?' 'தியெம்போ' என்ற ஒரே சொல் நேரத்தையும் குறிக்கும், வானிலையையும் குறிக்கும். பருவத்தைப் பெரும்பொழுது என்றும் நாளின் பகுதியைச் சிறுபொழுது என்றும் படித்த நமக்கு இது விளங்காததல்ல.

விடையிலும் அதே வினைச்சொல்தான். "ஆசே ஃப்ரியோ" என்றால் குளிராக இருக்கிறது; "ஆசே சோல்" என்றால் வெயில் அடிக்கிறது. மழைக்கு "யுவேவே" என்ற ஒரு சொல்லே முழு வாக்கியம்.

வெப்பநிலையை அறிய, "ஆ குவாந்தோஸ் கிராதோஸ் எஸ்தாமோஸ்?" என்பார்கள். 'நாம் எத்தனை டிகிரியில் இருக்கிறோம்?' என்று பொருள். "எஸ்தாமோஸ் ஆ த்ரெய்ந்தா கிராதோஸ்" என்றால் 30 டிகிரி. கேட்பவரும் சொல்பவரும் சேர்ந்தே அந்த வெயிலில் நிற்கிறார்கள்!

தனக்குக் குளிரெடுத்தால் அவர் சொல்வது "தெங்கோ ஃப்ரியோ". அதாவது 'என்னிடம் குளிர் இருக்கிறது'. நாம் 'எனக்குக் குளிருது' என்கிறோம். ஆங்கிலேயர் 'ஐ ஆம் கோல்ட்' என்கிறார். குளிர் ஒன்றுதான், வாக்கியம் மூன்று.

நம் வகுப்பறைக்கு இதில் பாடம் உண்டு. ஆங்கிலம் கற்கும் ஸ்பானியக் குழந்தை 'ஐ ஹேவ் கோல்ட்' என்று சொல்லும். நம் குழந்தை 'எனக்கு' என்பதை மனத்தில் வைத்து 'ஃபார் மீ கோல்ட்' என்று தொடங்கும். இரண்டுமே தாய்மொழியின் ஒழுங்கிலிருந்து வருபவை. அறிவுக் குறைவால் அல்ல. சிரித்தோ சிவப்பு மையால் சுழித்தோ விட்டால், அடுத்த முறை அந்தக் குழந்தை வாய் திறக்காது. மூன்று வாக்கியங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். வேறுபாட்டைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். பிறகு சரியான வாக்கியத்தை முழுதாகச் சொல்லிப் பழக்குங்கள்.

உலக வரைபடத்தையும் மாட்டுங்கள். ஜூலை மாதத்தில் மாட்ரிட் நகரத்தார் "ஆசே கலோர்", வெப்பமாக இருக்கிறது என்பார்கள். அதே மாதம், அதே மொழி பேசும் புவெனஸ் ஐரிஸில் "ஆசே ஃப்ரியோ". ஏன் என்று ஒரு மாணவர் கேட்டால், மொழிப் பாடத்துக்குள் புவியியலும் வந்துவிடும்.

கேட்கத் துணிந்த குழந்தைதான் மொழியைக் கற்கும். அந்தத் துணிவைக் காப்பது நம் கையில் இருக்கிறது.