வைரமும் ஈரமும்

விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில், முகம் கழுவிய ஈரக்கையோடு விளக்குச் சுவிட்சைத் தட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. "சுவிட்ச் பிளாஸ்டிக்தானே, அது என்ன செய்துவிடும்?" என்றும் கேட்போம். இந்தக் கேள்விக்கு இன்று வைரத்தைக் கொண்டு பதில் காண்போம்.

வைரம் என்றதும் மூக்குத்திதான் நினைவுக்கு வரும். அது தூய கரிமம். மின்சாரத்தைத் தன்னூடே செல்லவிடாத பொருள்களில் அதுவும் ஒன்று.

1963ஆம் ஆண்டில் சோவியத் அறிவியலாளர்கள், மூடிய கலத்தில் வெடிமருந்தை வெடிக்கச் செய்தபோது, எஞ்சிய கரியில் மிக நுண்ணிய வைரத் துகள்களைக் கண்டார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால், அவற்றில் 4 அல்லது 5 கூறுகள் சேர்ந்ததே ஒரு துகளின் அளவு. இதனை நானோ வைரம் என்கிறார்கள்.

பொருளைப் பொடியாக்கப் பொடியாக்க அதன் மேற்பரப்பு பெருகும். ஒரே கிராம் நானோ வைரத்தின் மேற்பரப்பு சுமார் 300 சதுர மீட்டர். அதாவது மூன்று பூப்பந்துத் திடல்களுக்கும் அதிகம்! அத்தனை பரப்பிலும் காற்றிலுள்ள நீராவி வந்து ஒட்டிக்கொள்கிறது. பார்வைக்குப் பொடி உலர்ந்தே இருக்கும்.

இப்பொடியை வில்லையாக அழுத்தி, சூடேற்றி, நன்றாக உலர்த்தி அளந்தால், மின்சாரம் ஏறக்குறைய செல்வதே இல்லை. ஈரக்காற்றில் வைத்து அளந்தாலோ, மின்கடத்தும் திறன் பன்மடங்கு கூடிவிடுகிறது. மீண்டும் உலர்த்தினால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. வைரம் மாறவில்லை, அதன்மேல் படிந்த நீர்தான் கூடிக் குறைந்தது.

தூய நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாதே என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்கலாம். நல்ல கேள்வி. நானோ வைரத்தின் மேற்பரப்பில் அமிலத்தன்மை உள்ள அணுத்தொகுதிகள் இருக்கின்றன. அவை ஹைட்ரஜன் அயனிகளை நீருக்குக் கொடுக்கின்றன. தீயை அணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுகிறோம் அல்லவா? ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்க, வாளி மட்டும் போய்ச் சேருகிறது. நீர் மூலக்கூறுகளும் அப்படியே அயனியைக் கைமாற்றுகின்றன. இக்கருத்தை 1806ஆம் ஆண்டிலேயே கிரோத்துஸ் என்ற வேதியியலாளர் கூறினார். நீர் திட்டுத் திட்டாக இருந்தால் வரிசை அறுந்துவிடும். ஈரம் மிகுந்து திட்டுகள் ஒன்றுசேர்ந்தால் வழி திறந்துவிடும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். நம் உடம்பில் அயனிகளைத் தருவது வியர்வையின் உப்பு. உலர்ந்த தோலின் மின்தடை 100,000 ஓம் வரை இருக்கலாம். நனைந்தால் அது 1,000 ஓமுக்கு இறங்கிவிடக்கூடும். அதே மின்சாரம் நூறு மடங்கு வலுவோடு உடம்பில் பாயும். உலர்ந்த கைக்கு அதிர்ச்சியோடு போவது, ஈரக்கைக்கு உயிரையே வாங்கிவிடலாம்.

ஆகவே, கையைத் துடைத்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள். மின்கம்பியில் சிக்கிய பட்டத்தை எடுக்க, மூங்கில்தானே என்று பிள்ளைகள் கழியைத் தூக்கினால் உடனே தடுங்கள். மழையில் நனைந்த மூங்கிலும் மின்சாரத்துக்கு வழிவிடும். ஈரம் படிந்தால் வைரமே காவலைக் கைவிடும்போது, மூங்கிலை நம்பலாமா?