பதிவேடும் படமும்



வகுப்பறை மேசைமீது கிடக்கும் வருகைப் பதிவேட்டை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். நாற்பது மாணவர் கொண்ட வகுப்பு ஒன்று ஆண்டில் இருநூறு நாள் நடைபெற்றால், அவ்வேட்டில் 8,000 குறிகள் சேர்ந்துவிடும். எக்ஸெல் போன்றதொரு விரிதாளில் இக்குறிகளை வரிக்கு ஒன்றாக எழுதி, அனைத்தையும் ஒருங்கே பிடித்துப் படம் வரையச் சொன்னால் என்ன கிடைக்கும்? தூண்கள் நெருக்கியடித்து நிற்கும் கருந்திட்டு ஒன்று கிடைக்கும். இதில் கணிப்பொறியின் குற்றம் ஏதுமில்லை. நாம் அதனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டியதை அது காட்டிற்று.

ஆதலால் படத்துக்கு முன் சுருக்கம் வேண்டும். அதற்கென விரிதாளில் அமைந்த கருவியே பிவட் டேபிள். நாள், வகுப்பு, மாணவர் பெயர், வருகை என்று பத்திகளுக்குத் தலைப்பிட்டு, வந்தவர்க்கு 1, வராதவர்க்கு 0 என எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 'இன்சர்ட்' பகுதியில் பிவட் டேபிளைத் தேர்ந்தால், அத்தலைப்புகள் ஓரத்தில் பட்டியலாக வந்து நிற்கும். 'வகுப்பு' என்பதை வரிகளுக்குரிய கட்டத்திலும், 'வருகை' என்பதை மதிப்புகளுக்குரிய கட்டத்திலும் இழுத்து விடுங்கள். கூட்டுத்தொகைக்குப் பதிலாகச் சராசரி கேட்டால், ஒவ்வொரு வகுப்பின் வருகை விகிதமும் சிறு அட்டவணையாக வந்துவிடும். அதிலிருந்து பிவட் சார்ட் வரைவது ஒரு நொடி வேலை.

எளிதாயிற்றே என்று மகிழ்ந்துவிடாதீர்கள்; பள்ளங்கள் உள. வராத நாளுக்கு 0 எழுதாமல் கட்டத்தை வெறுமையாக விட்டால், சராசரி அவ்வெற்றிடத்தைக் கணக்கிலேயே கொள்ளாது. பள்ளிக்குப் பாதி நாள் வராதவனும் நூற்றுக்கு நூறு வந்தவனாகக் காட்சியளிப்பான். மூலத்தாளில் ஒரு பிழையைத் திருத்தினாலும், 'ரிஃப்ரெஷ்' என்னும் புதுப்பிக்கும் கட்டளை தரும்வரை சுருக்கமும் படமும் பழையபடியே நிற்கக்கூடும். இன்னொன்று: எண்கள் ஒன்றுக்கொன்று அருகருகே இருந்தால், எக்ஸெல் நிலையச்சைச் சில வேளைகளில் சுழியிலிருந்து தொடங்காது. அப்போது 90-க்கும் 94-க்கும் உள்ள சிறு வேறுபாடு, குன்றும் மடுவும் போலத் தோன்றும். தூண்படத்துக்கு அச்சைச் சுழியிலேயே தொடங்கச் செய்யுங்கள்.

இவையெல்லாம் கையால் திருத்தக்க பிழைகள். கணக்கில் பிழை ஒன்றுமின்றியே படம் நம்மை ஏமாற்றுவதும் உண்டு. 1973-ஆம் ஆண்டு அமெரிக்காவில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்புக்கு 8,442 ஆடவரும் 4,321 மகளிரும் விண்ணப்பித்தனர். ஆடவரில் 44 விழுக்காட்டினருக்கும் மகளிரில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. இவ்விரு தூண்களை மட்டும் வரைந்தால் மகளிர்க்கு அநீதி என்றே எவரும் சொல்வர். பிக்கெல் என்பாரும் அவர்தம் தோழர் இருவரும் அதே கணக்கைத் துறைவாரியாகப் பிரித்து ஆராய்ந்து, 1975-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். அவ்வாறு பிரித்தபோது அந்தக் குறைபாடு மறைந்தது. மகளிர் பக்கம் சிறிது சாய்வுகூடத் தெரிந்தது. இடம் கிடைப்பதே அரிதான துறைகளுக்கு மகளிர் மிகுதியாக விண்ணப்பித்திருந்தமையே காரணம். எண்கள் அவையே, வரிகளுக்குரிய கட்டத்தில் 'துறை' என்னும் ஒரு சொல் சேர்ந்தது, அவ்வளவுதான்.

எனக்கு இப்பாடம் நூலிலிருந்து வந்ததன்று. சிற்றூர் ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பின் வருகையை மாதவாரியாகச் சுருக்கிப் படமாக்கினேன். தூண்கள் ஏறத்தாழச் சமமாக நின்றன. அதைக் கூடத்தில் மாட்டி வைத்து, வந்தவர்க்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. புதிதாகப் பணியேற்ற இளம் ஆசிரியை ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, மாதத்தை எடுத்துவிட்டுக் கிழமையைப் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். நாளிலிருந்து கிழமையைப் பிரித்து ஒரு புதிய பத்தி அமைத்தார். செவ்வாய்த் தூண் மட்டும் தாழ்ந்து நின்றது.

செவ்வாய் எங்கள் ஊர்ச் சந்தை நாள். வராதவர் பெயர்களை எடுத்தோம். வாரந்தோறும் பெரும்பாலும் அதே ஏழு பெயர்கள். பெற்றோருடன் காய்கறிக் கூடை சுமக்கப் போன பிள்ளைகள் அவர்கள். கணக்குப் பாடத்தின் வாரத் தேர்வு நடந்ததும் செவ்வாய்க்கிழமையே! எழுதாத தேர்வுக்குச் சுழி இட்டு இட்டு, அந்த ஏழு பேரும் 'கணக்கு வராதவர்கள்' என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதப்பட்டிருந்தனர். அவ்வறிக்கைகளின் அடியில் இருந்தது என் கையொப்பம்.

மறுவாரமே தேர்வை வியாழனுக்கு மாற்றினோம். ஆண்டிறுதியில் அதே படத்தை மீண்டும் வரைந்தபோது செவ்வாய்த் தூண் முன்போலவே தாழ்ந்திருந்தது. சந்தை நின்றுவிடவில்லை அல்லவா? அந்த எழுவரில் ஐவர் கணக்கில் தேறியிருந்தனர்.