கண்ணில் சுண்ணாம்பு பட்டால்: பனிக்குடச் சவ்வு என்ன செய்யும்?

இந்த எபிசோடை எங்க ஊர் தொப்பூர்ல உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னாடி லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, கணவாய் ரோட்டுல அது நிக்கவே நிக்காது.

இன்னைக்கு விஷயம், கண்ணுல ரசாயனம் பட்டா என்ன ஆகும், அதைச் சரிபண்ண மனித உடம்புல இருந்தே கிடைக்கிற பொருள் எப்படி உதவுது என்பது. நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் இன்ஜினியர். படிச்சுப் புரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல ஒரு கேள்வி. பேட்டரி ஆசிட், வெத்தலைச் சுண்ணாம்பு, ரெண்டுல கண்ணுக்கு எது மோசம்? நிறைய பேர் ஆசிட்னுதான் சொல்வாங்க. ஆனா பெரும்பாலும் சுண்ணாம்புதான் ஆழமா போகும். ஆசிட் பட்டதும் மேல இருக்கிற புரதம் உறைஞ்சு ஓரளவு தடுப்பு மாதிரி ஆயிடும். சுண்ணாம்பு காரம். அது செல்லோட கொழுப்பையே கரைச்சு உள்ளே இறங்கும். இமைக்கு அடியில ஒட்டிக்கிட்டா அங்கிருந்து தொடர்ந்து அரிச்சுக்கிட்டே இருக்கும். பாக்கெட் சுண்ணாம்பைக் குழந்தைங்க அமுக்கி, அது பீய்ச்சி முகத்துல அடிச்ச சம்பவங்களை நம்ம நாட்டு கண் மருத்துவர்களே பதிவு பண்ணியிருக்காங்க.

கருவிழியோட ஓரத்துல, கறுப்பும் வெள்ளையும் சேர்ற இடத்துல, ஸ்டெம் செல்கள் இருக்கு. கருவிழியோட மேல்தோலைப் புதுப்பிக்கிறது அதுங்கதான். அது வெந்துபோனா, வெள்ளைப் பகுதியோட தோல் ரத்தக்குழாயோட கருவிழி மேல படர்ந்துடும். பார்வை மங்கிடும்.

இங்கதான் பனிக்குடம் வருது. பிரசவத்துல 'பனிக்குடம் உடைஞ்சிடுச்சு'ன்னு சொல்வோமே, அந்தப் பையோட உள் சவ்வு. நஞ்சுக்கொடியோட சேர்த்துத் தூக்கிப்போடுற பொருள். அதுல ரத்தக்குழாய் இல்லை. வீக்கத்தையும் தழும்பையும் குறைக்கும். புது செல்கள் ஊர்ந்துபோக நல்ல தளமா இருக்கும். பெரும்பாலும் சிசேரியன் ஆகிற தாயோட சம்மதத்தோட எடுத்து, எச்ஐவி, ஹெபடைடிஸ் மாதிரி தொற்று இருக்கான்னு சோதிச்சு, உறைய வச்சு சேமிப்பாங்க. கண்ணு மேல தைச்சோ ஒட்டியோ வச்சா, சில வாரத்துல தானா கரைஞ்சுடும்.

யோசனை புதுசு இல்லை. 1946-லேயே லண்டன்ல ஆர்னால்ட் சோர்ஸ்பி இதைக் கார, அமிலக் காயங்களுக்குப் பயன்படுத்தினார். அப்புறம் கிட்டத்தட்ட மறந்துபோச்சு. 1995-ல முயல் கண்ணுல செஞ்ச ஆராய்ச்சிக்குப் பிறகு மறுபடியும் உயிர் வந்தது.

அடுத்த பெரிய படி நம்ம பக்கத்துல, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில. 2012-ல விரேந்தர் சங்வான் குழு ஒரு எளிய முறையை வெளியிட்டாங்க. ஒரு கண்ணு மட்டும் கெட்டிருந்தா, நல்ல கண்ணோட ஓரத்துல இருந்து சுமார் 2 மில்லிமீட்டர் திசு எடுத்து, பொடிப்பொடியா நறுக்கி, கெட்ட கண்ணு மேல விரிச்ச பனிக்குடச் சவ்வு மேல ஃபைப்ரின் பசையால ஒட்டிடறது. அந்தப் பசையும் ரத்தத்துல இருந்து வர்ற புரதம்தான். முன்னாடி லேப்ல வாரக்கணக்கா செல் வளர்க்கணும். இப்போ கண்ணே லேப். என் பாஷையில சொன்னா, நல்ல கண்ணுதான் பேக்கப். ரெண்டு கண்ணும் போனவங்களுக்கு அந்த பேக்கப் இல்லை, அதனால சிகிச்சை ரொம்பக் கடினமாகிடும்.

ஆனா ஒண்ணு கவனிங்க. டெல்லி எய்ம்ஸ்ல 2011-ல வெளியான ஆய்வுல, காயம் பட்ட உடனே சவ்வு வச்சவங்கள்ல, மிதமான காயம் இருந்தவங்களுக்கு மேல்தோல் சீக்கிரம் ஆறிச்சு. ஆனா கடைசிப் பார்வையில, மருந்து மட்டும் எடுத்துக்கிட்டவங்களோட ஒப்பிட்டா பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது, உள்ளே இறங்கின சேதத்தை எந்தச் சவ்வும் திரும்ப எடுத்துடாது. சேதம் இறங்காம தடுக்கிறது முதல் சில நிமிஷம்தான்.

அதனால இதை மனசுல வச்சுக்கோங்க. பட்ட உடனே தண்ணி. குழாய்த் தண்ணியோ, லாரியில இருக்கிற கேன் தண்ணியோ, கிடைச்ச சுத்தமான தண்ணி. இமையை விரிச்சுப் பிடிச்சு, குறைஞ்சது அரை மணி நேரம் ஊத்திக்கிட்டே இருங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சை எதுவும் வேண்டாம். கண்ணைத் தேய்க்காதீங்க. கழுவிக்கிட்டே 108-க்கு போன் பண்ணச் சொல்லுங்க. பாக்கெட்டையோ பாட்டிலையோ கையோட எடுத்துட்டுப் போங்க. இமையைப் புரட்டி ஒளிஞ்சிருக்கிற துகளை டாக்டர்தான் எடுக்கணும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவங்க, பட்டறையில பேட்டரி பார்க்கிறவங்க யாராவது உங்க வீட்ல இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. ஒரு கண்ணாடியும் வாங்கிக் கொடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.