நிறுவையும் கணக்கும்



லுணுகலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் வேளை எத்துணை முக்கியமானது என்பதை அங்கு வாழ்வோர் நன்கு அறிவர். காலை முதல் மலைச்சரிவில் ஏறி இறங்கிப் பறித்த கொழுந்து, மடுவத்தில் தராசில் ஏறுகிறது. பையின் எடைக்கென ஒரு பகுதியும், மழைநீருக்கென ஒரு பகுதியும் கழிக்கப்படுகின்றன. எஞ்சியதே ஏட்டில் பதிவாகிறது. குறித்த அளவுக்குச் சிறிது குறைந்தாலும் முழுப் பேர் அரைப் பேராகிவிடக்கூடும். ஆதலின் கொழுந்து பறிக்கும் பெண்கள் தராசையும் எழுதுகின்ற கையையும் ஒருங்கே நோக்குவர்.

மடுவத்தின் இந்த நியாயத்தை அறிந்தவருக்கு மேகக் கணிமையின் கட்டணக் கணக்கு விளங்காத பொருளன்று. தொலைவிலுள்ள பெருங்கணினிக் கூடங்களின் ஆற்றலை இணையவழியே வாடகைக்குப் பெறுவதே மேகக் கணிமை. பயன்படுத்திய அளவுக்கே பணம் என்பது அதன் விதி. அமெரிக்கத் தேசியத் தர நிறுவகம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட வரையறையும், பயன்பாட்டை அளத்தலை அதன் ஐந்து இன்றியமையாப் பண்புகளுள் ஒன்றாகவே கூறுகின்றது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மடுவத்துத் தராசு இரு தரப்பார் கண்முன்னும் தொங்குகிறது. மேகத்தின் தராசோ விற்பவர் கையில் இருக்கிறது. அத்தராசே ஒரு கணினி நிரல்தான். வாங்குபவர் காண்பது விற்பவர் தரும் பதிவுகளையும் பட்டியலையும் மட்டுமே.

அதனைச் சோதிப்பது எங்ஙனம்? தராசைச் சோதிக்க எடை தெரிந்த படிக்கல்லை வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? அவ்வாறே, இத்தனை கணினிகளை இத்தனை மணி நேரம் இயக்கி, இவ்வளவு தரவைச் சேமித்து, அந்த அளவுகளை நாமே குறித்து வைத்தல் வேண்டும். பின்னர் அளவை, பதிவு, விலை என்னும் மூன்றையும் தனித்தனியே ஒப்பிடல் வேண்டும். ஒரே பதிவு இருமுறை ஏறியிருக்கலாம். ஒன்று விடுபட்டும் இருக்கலாம். நிறுத்திய கணினியின் சேமிப்பகத்துக்குக் கட்டணம் தொடர்ந்துகொண்டிருக்கலாம்.

காலக் கணக்கிலும் கருத்து வேண்டும். 2006இல் அமேசான் நிறுவனம் கணினிகளை வாடகைக்கு விடத் தொடங்கியபோது மணிக்கணக்கே வழங்கிற்று. சில நிமிடப் பயன்பாட்டுக்கும் முழு மணிக்கான கட்டணம். 2017 அக்டோபரில் லினக்ஸ் கணினிகளுக்கு வினாடிக்கணக்கு வந்தது; ஆயினும் 60 வினாடிக்குக் குறைந்த கட்டணமில்லை. மேலும், இக்கணக்குகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தைத் தழுவியவை. லுணுகலையில் முதலாம் திகதி காலை ஐந்து மணிக்குச் செய்த வேலை, அக்கணக்கில் முந்தைய மாதத்தின் இறுதி நாளிரவில் விழும். இதனை அறியாதவர் சரியான பட்டியலையும் பிழையென்பார்.

நம் நாட்டில் வணிகத் தராசுகளை அரசு அலுவலர் சோதித்து முத்திரையிடுகின்றனர். விற்பவர் நேர்மையற்றவர் என்பது அதன் பொருளன்று. அளப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் மற்றொருவர் என்று இருந்தால்தான் இருவருக்கும் நம்பிக்கை நிலைக்கும். மடுவத்துக்கும் மேகத்துக்கும் இது பொது நீதி.