குத்துச்சண்டை வீரரும் பின்னாள் வாழ்வும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் ஆசிரியராயிருக்கும் பள்ளியிற் பயின்ற மாணவனொருவன், குத்துச்சண்டைப் பந்தயங்களிற் பரிசில் பல பெற்றமையால், "இனி நூலெதற்கு?" எனப் படிப்பை விடுத்தான். அவன் தந்தையாரும், "ஐயா, உடம்பிலே வலுவிருக்கும்போது உடம்பாற் பிழைக்கட்டுமே" என்றனர். அன்று தக்க விடையிறுக்க மாட்டாது திரும்பினோம். இன்று அவ்விடையை இவ்வவையிற் கூற விரும்புகின்றோம்.

குத்துச்சண்டையை யாம் இகழ்வோமல்லோம். அஞ்சாமை, உணவிற் கட்டுப்பாடு, வைகறைத் துயிலெழுதல் ஆகிய நற்பழக்கங்களை அது பயிற்றும். ஆயினும் வீரர் களத்தில் நிற்கும் காலம் சிறிது. முப்பத்தைந்து வயதளவிற் பெரும்பாலோர் கையுறையைக் கழற்றிவிடுவர். எஞ்சிய முப்பது நாற்பது ஆண்டுகளை எங்ஙனம் கழிப்பது என்பதே வினா. இருவர் சரிதம் இதற்கு விடையாகும்.

முதல்வர் அமெரிக்கராகிய ஜீன் டன்னி. நியூயார்க் துறைமுகத் தொழிலாளியொருவரின் மைந்தர். 1926-ஆம் ஆண்டில் ஜாக் டெம்ப்ஸியை வென்று உலக வீரர் பட்டம் எய்தினார். மறு ஆண்டும் அவரையே வென்றார். பயிற்சி நாட்களில், ஓய்வு நேரத்தே நூல் படித்தல் இவர் வழக்கம். சண்டைக்காரனுக்கு ஷேக்ஸ்பியர் எதற்கெனப் பத்திரிகைக்காரர் எள்ளி நகையாடினர். அவரோ அதனைப் பொருட்படுத்தினாரல்லர். 1928-இல் யேல் சர்வகலாசாலை மாணாக்கர்க்கு அந்நாடகாசிரியரைப் பற்றியே சொற்பொழிவாற்றினார். அவ்வாண்டிலேயே, பட்டத்தை இழவாமலே களத்தினின்றும் விலகி இல்லறம் புகுந்தார். பின்னர் வர்த்தகத்தில் மேம்பட்டார். பெர்னார்ட் ஷா போன்ற அறிஞரின் நட்பைப் பெற்றார். மைந்தருள் ஒருவர் அமெரிக்கச் செனட் சபையின் அங்கத்தினரானார். 1978-இல், 81-ஆம் வயதிற் காலமானார்.

மற்றவர் ஜெர்மானியராகிய மாக்ஸ் ஷ்மெலிங். 1936-இல் ஜோ லூயிஸ் என்னும் அமெரிக்க வீரரைப் பன்னிரண்டாஞ் சுற்றில் வீழ்த்தியவர். 1938-இல் அவராலேயே முதற் சுற்றில் வீழ்த்தப்பட்டவர். அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியில் யூதர்மீது கொடுமை நிகழ்ந்தபோது, யூதச் சிறுவர் இருவரைத் தம் விடுதியறையில் மறைத்துக் காத்தார். யுத்தத்தாற் கைப்பொருள் இழந்து, நாற்பது வயது கடந்தும் வயிற்றின் பொருட்டு மீளக் களம் புகுந்தார். 1948-இல் அதனை அறவே விடுத்தார். பின்பு ஹாம்பர்க் நகரிற் கோக்க-கோலா பான வியாபாரம் செய்து நிலைபெற்றார். வரிக்கடனால் இடருற்ற லூயிஸுக்கு நண்பராகிப் பொருளுதவியும் புரிந்தார். தம்மை வீழ்த்தியவர்க்கு உதவும் நெஞ்சு எளிதில் வாய்ப்பதன்று. 2005-இல், 99-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

இவ்விருவரையும் பின்னாளிற் காத்தது முட்டியின் வலியன்று. ஒருவரைக் கல்வியும், மற்றவரைப் பண்பும் உழைப்பும் காத்தன. இவற்றுள் எதனையும் அவர் களத்தை விட்ட பின்னர்த் தேடத் தொடங்கினாரல்லர். வலியிருந்த நாளிலேயே தேடிக்கொண்டனர். உடல்வலி காலம் தந்த இரவல். கேளாமலே அது மீட்டுக்கொள்ளும்.

ஆதலின், அன்பர்காள்! நம் சங்கம் விளையாட்டிற்குப் பரிசளிக்கும்போது, அம்மாணவன் பள்ளிக்கு வருகின்றானா என்றும் வினவுதல் வேண்டும். அத்தந்தையார் இவ்வவையில் இருப்பாராயின், அவர்க்கு ஒன்று கூறுவோம். தங்கள் புதல்வன் காலையிற் களத்திற்குச் செல்லட்டும். மாலையில் எம் இல்லத்திற்கு வரட்டும். கட்டணமின்றிப் பாடஞ் சொல்ல யாம் காத்திருக்கின்றோம்.