எண்ணைச் சொன்னது யார்? எவரை வைத்துச் சொன்னது?



அறுபதைத் தாண்டிய பெரியவர்கள் என்னிடம் தனியாக வந்து கேட்கும் மஸ்அலா ஒன்று உண்டு. "ஹஜ்ரத், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒளு நிற்குமா?" சட்டத்தைச் சொல்லிவிட்டு நானும் கேட்பேன்: "டாக்டரிடம் காட்டினீர்களா?" தலை குனிந்துவிடும். வெட்கம்! பலருக்கு அது வயதில் வரும் பிராஸ்டேட் வீக்கம்தான். சிலருக்குப் புற்றுநோய்.

இப்போது வேறொரு கேள்வியும் வருகிறது. பேரன் செல்போனில் தாத்தாவின் வயதையும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அளவையும் போட்டு, 'புற்றுநோய் வாய்ப்பு நூற்றுக்கு இத்தனை' என்று சொல்லிவிடுகிறான். வீடே இடிந்து போகிறது. எண் குறைந்தாலோ நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம்.

மதரஸாவில் எங்களுக்குக் கற்றுத் தந்தது என்ன? ஒரு செய்தி வந்தால் அறிவித்தவர் யார், யாரிடம் கேட்டார், நினைவாற்றல் எப்படி என்று பார். நல்ல மனிதர் என்பது மட்டும் போதாது! இந்த எண்ணையும் அப்படியே விசாரிப்போம்.

அமெரிக்காவில் 1993-ல் தொடங்கிய ஓர் ஆய்வில் 55 வயதும் அதற்கு மேலும் உள்ள 18,882 ஆண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் வெற்று மாத்திரை தரப்பட்ட 5,519 பேரின் விவரங்களைக் கொண்டு 2006-ல் ஒரு கணிப்பு முறை வெளியானது. மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். சேரும்போது பி.எஸ்.ஏ. 3-க்கு மேல் இல்லாதவர்கள். நம் ஆளோ சிறுநீர் அடைத்து, டியூப் போடும் நிலையில்தான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார். அடைப்பும் கிருமித் தொற்றும் டியூபுமே பி.எஸ்.ஏ.வை ஏற்றிவிடும். புற்று இல்லாமலே எண் ஏறும்! குறைந்த எண்ணும் முழு உத்தரவாதம் அல்ல. அதே ஆய்வில் பி.எஸ்.ஏ. 4-ஐத் தாண்டாதவர்களிலும் நூற்றுக்குப் 15 பேருக்குப் புற்று இருந்தது 2004-ல் தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை வேகமாகப் பரவாத வகை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சோதிப்பது எப்படி? 'இருபது சதவீதம்' என்று நூறு பேருக்குச் சொன்னால், சதைப் பரிசோதனையில் ஏறக்குறைய இருபது பேருக்கு நோய் இருக்க வேண்டும். நாற்பதானாலும் பிழை, எட்டானாலும் பிழை. நம் சேலம் லீ பஜார் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் ஐந்து கிலோ கூட்டிக் காட்டும் தராசும் எது கனம், எது லேசு என்பதைச் சரியாகவே சொல்லும். எடைதான் பொய்! மேல்நாட்டுக் கணிப்புகளைச் சீனாவில் சோதித்தபோது, சதவீதம் மிகையாக வந்தது. கொரியர்கள் தங்கள் மக்களின் விவரங்களைக் கொண்டே தனிக் கணிப்பு முறை செய்துகொண்டார்கள்.

நாம்? ரத்தம் கொடுக்க வருகிறோம், சதைப் பரிசோதனை என்றதும் ஓடிவிடுகிறோம். கணிப்பு கையில் இருக்கிறது, முடிவு இல்லை. எதை எதோடு ஒப்பிடுவது?

நாமக்கல், இராசிபுரம், ஆத்தூர் ஜமாஅத் நிர்வாகிகளே! முகாம் நடத்தி ரத்தம் எடுத்ததோடு நிறுத்தாதீர்கள். எண் கூடியவரைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குக் கையோடு அழைத்துப்போக ஓர் இளைஞரை நியமியுங்கள். முடிவுச் சீட்டின் நகலை வாங்கி வையுங்கள். பெயர்ப் பட்டியல் பள்ளிவாசல் அலுவலக பீரோவில் பூட்டியே இருக்கட்டும். வெட்கப்படும் பெரியவரின் நோய் டீக்கடைக்குப் போகக் கூடாது.